வாலிப நாட்களில் வாலிபால்

கிரேசி மாமி தன்னுடைய சாவைப் பற்றி முதன்முதலாக வாசித்தது அருமனையில் ததேயுஸ் அண்ணன் டீக்கடையில், ஒரு பழம்பொரி சுற்றி வந்த தாளில். அந்தத் தாளை மாமிக்குக் கொடுத்தது ததேயுஸ் அண்ணன். ததேயுஸ் அண்ணனுக்குக் கொடுத்தது நான். அதில் இருந்ததை எழுதியதும் நான்தான். இந்த மூன்றில் முதல் விஷயம் மட்டும்தான் மூன்று மாதமாக ஊருக்குத் தெரியும்.

எங்கள் சபையில் யாராவது இறந்தால் அடக்க ஆராதனையில் அவருடைய ஜீவிய சரித்திரத்தை வாசிப்பார்கள். ஒரு பக்கம் வரும். பிறப்பு, படிப்பு, வேலை, கல்யாணம், பிள்ளைகள், குணநலன், கடைசியில் கர்த்தருக்குள் நித்திரை. வந்தவர்களுக்கெல்லாம் ஒரு பிரதியும் கொடுப்பார்கள்; வெயில் நாளென்றால் விசிறிக்கொள்ளவும் ஆகும். நான் கல்லூரியில் மூன்றாம் வருடம். துறையின் சுவர் இதழில் ஆசிரியர்களைப் பற்றி எழுதி, அதற்காக இரண்டு மன்னிப்புக் கடிதமும் எழுதியவன். அதனால் ‘லிஜினுக்கு எழுத வரும்’ என்று சபையில் ஒரு பேச்சு விழுந்துவிட்டது. இரண்டு வருடத்தில் பதினாலு பேரை அடக்கியிருக்கிறேன்.

பதினாலையும் எழுதினேன் என்று சொல்ல முடியாது. முதல் மூன்றை எழுதினேன், மீதியை மாற்றினேன். இறந்தவரை நாம் மரியாதையாகத்தான் சொல்லுவோம், மரியாதையில் ஆணும் பெண்ணும் ‘அவர்’தான். பெயரையும் ஊரையும் மாற்றி, மனைவியைக் கணவராக்கி, பிள்ளைகளின் எண்ணிக்கையைச் சரிபார்த்தால் வேலை முடிந்தது. என் கையால் போனவர்கள் எல்லாரும் அதிர்ந்து பேசாதவர்கள். எல்லாரும் விருந்தோம்பலில் சிறந்தவர்கள். ஒருவர்கூடத் தமக்கென்று எதையும் கேட்டதில்லை. இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. சொல்ல வேண்டியவர் பெட்டிக்குள் இருந்தார்.

கிரேசி மாமி எங்கள் வீட்டுக்கு மேற்கே மூன்றாவது வீடு. வயது ஐம்பத்துமூன்று. ஜூன் மாதத்து முதல் ஞாயிறு, ஆராதனையில் பாடகர் குழுவில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடத்தினார்கள். இருதயத்தில் வால்வு கெட்டிருந்தது. நாலாம் நாள் டாக்டர், சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

மாமியின் கணவர் டைட்டஸ் மாமா நில அளவையில் சர்வேயர். சபைச் செயலரும் அவர்தான். எதையும் முன்கூட்டியே செய்துவைக்கிற மனிதர். அவருடைய அப்பா அடக்கத்தன்று கரண்ட் இல்லாமல், ஜீவிய சரித்திரத்தை நகலெடுக்க முடியாமல் போன வருத்தம் அவருக்குப் பதினோரு வருடமாக இருந்தது. ஐந்தாம் நாள் காலையில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“மக்கா, அவளுக்கு ஒண்ணு எழுதி வச்சிரு,” என்றார். “தேதிய மட்டும் விட்டிரு. பேனாவால போட்டுக்கிடலாம்.”

அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. அது நிஜம். உள்ளே போய் கம்ப்யூட்டரைத் திறந்தபோது, மத்தியானம் இருந்த நாடக ஒத்திகை ஞாபகம் வந்தது. அதுவும் நிஜம். கடைசியாக அடக்கியது என் பெரியப்பா யேசுரத்தினத்தை. அவருடைய கோப்புதான் மேலே இருந்தது. பதினோரு நிமிடம் ஆனது.

டைட்டஸ் மாமா நின்றபடியே வாசித்தார். ஒவ்வொரு வரியிலும் விரலை ஓட்டி, ஒரு ‘ர’வை ‘ற’ ஆக்கினார். தேதிக்காக நான் விட்டிருந்த புள்ளிக்கோடு சிறியது என்று சொல்லி நீட்டச் சொன்னார். அன்றே அச்சடித்தார், இருநூறு பிரதி.

ஒன்பதாம் நாள் மாமி கண் திறந்தார். பதினாலாம் நாள் வீட்டுக்கு வந்தார். அக்டோபரில் திருவனந்தபுரத்தில் வால்வு மாற்ற வேண்டும், அதுவரை நடக்கலாம், ஓடக்கூடாது, எண்ணெயில் பொரித்தது கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாமா இருநூறையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் கட்டி என்னிடம் கொடுத்து, ஒன்றுகூட மிஞ்சாமல் எரித்துவிடச் சொன்னார்.

எரிக்கத்தான் நினைத்தேன். ஆனால் அந்த வாரம் முழுக்க மழை. கொல்லையில் தீ பிடிக்கவில்லை, அடுப்பில் வைக்கலாமென்றால் அம்மா கேட்பாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பஸ் ஸ்டாப் பக்கத்தில்தான் ததேயுஸ் அண்ணன் கடை. அவர் கடற்கரைக்காரர், கத்தோலிக்கர், எங்கள் சபைச் செய்திகள் அவருக்குத் தெரியாது. செய்தித்தாளின் மை வடையில் ஒட்டுகிறது என்று ஒரு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தார். என்னிடம் இருந்ததோ கனமான தாள், ஒரு பக்கம் சுத்த வெள்ளை. கல்லூரிப் பழைய நோட்டீஸ் என்று சொல்லிக் கொடுத்தேன். “கொள்ளாம்,” என்று வாங்கி வைத்துக்கொண்டார். பஸ் வந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து மாமி தனியாக நடக்கப் போனார். நடை நேராக ததேயுஸ் அண்ணன் கடைக்குத்தான் போனது. ஆஸ்பத்திரியில் கண் திறந்த நாளிலிருந்து அவர் நினைத்துக்கொண்டிருந்தது பழம்பொரியைத்தான் என்று பிற்பாடு சொன்னார். தின்று முடித்து, கையைத் துடைக்கத் தாளைத் திருப்பினார். தன்னுடைய போட்டோ இருந்தது. நின்றபடியே வாசித்தார். கீழ்ப்பாதி எண்ணெயில் மங்கியிருந்ததால், ‘மிச்சம் உள்ளதைக் காணல்ல’ என்று சொல்லி இன்னொரு தாள் கேட்டு வாங்கி முழுவதையும் வாசித்தார். ததேயுஸ் அண்ணன் அப்போதுதான் தாளைப் பார்த்தார், பிறகு மாமியைப் பார்த்தார், பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

மாமி வீட்டுக்கு வந்து டைட்டஸ் மாமாவிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

“நான் எப்போ வாலிபால் வெளாண்டேன்?”

தாளில் அப்படித்தான் இருந்தது. ‘வாலிப நாட்களில் சிறந்த வாலிபால் வீராங்கனையாகத் திகழ்ந்தார்.’ யேசுரத்தினம் பெரியப்பா மாவட்ட அளவில் ஆடியவர். அவருடைய வரி அது. ‘வீரர்’ என்ற சொல் கண்ணில் பட்டு, அதை மட்டும் அக்கறையாக ‘வீராங்கனை’ ஆக்கியிருக்கிறேன். அந்த வாக்கியத்தை வாசிக்கவில்லை. டைட்டஸ் மாமா வாசித்திருந்தார், எழுத்துப் பிழை பார்த்தார். இருபத்தேழு வருடம் கூட வாழ்ந்தவள் வாலிபால் ஆடினாளா இல்லையா என்று அவருக்கும் தோன்றவில்லை. மாமி கேட்டபோது அவர் ஜன்னலைச் சாத்தப் போனார் என்றும், ஜன்னல் ஏற்கெனவே சாத்தியிருந்தது என்றும் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

எழுதியது யார் என்று மாமா மாமியிடம் சொல்லவில்லை. அச்சகத்தில் ஏதோ மாதிரி வைத்திருக்கிறார்கள், அவர்களே போட்டது என்று சொல்லி என்னைக் காப்பாற்றினார். சாயங்காலம் என்னிடம் வந்து, எரித்தாயா என்று கேட்டார்.

“எரிச்சேன் மாமா,” என்றேன்.

அவர் நம்பினார். அப்படியென்றால் அச்சகத்தில் கூடுதலாக அடித்திருக்கிறார்கள், கழிவுக் கட்டிலிருந்து ததேயுஸ் எடுத்திருக்கிறான் என்று கணக்குத் தீர்த்தார். கடைக்குப் போய்க் கேட்டார். நான் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தேன். ததேயுஸ் அண்ணன் பாலை ஆற்றுவதை நிறுத்தாமல், பழைய பேப்பரில் வந்தது, எங்கேயென்று ஓர்மை இல்லை என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வழக்கமாக அங்கே டீ குடிக்கிற கூட்டம் ரோட்டைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போனது. உயிரோடு இருக்கிற பெண்பிள்ளையின் ஜீவிய சரித்திரத்தில் பழம்பொரி சுற்றுகிறவன் கடையில் எப்படிக் குடிப்பது என்று பேசிக்கொண்டார்கள். நியாயமான கேள்வி. நானும் அவர்களோடு எதிர்க்கடைக்குப் போனேன். அங்கிருந்து பார்த்தால் ததேயுஸ் அண்ணனின் கண்ணாடிப் பெட்டிக்குள் பழம்பொரி அடுக்கு குறையாமல் இருப்பது தெளிவாகத் தெரிந்தது.

ஜூலைக் கடைசியில் மாமி என்னைத் தேடி வந்தார், கையில் அந்தத் தாள். எண்ணெய்க் கறை காய்ந்து மாமியின் போட்டோவுக்குத் தலையைச் சுற்றி ஒரு ஒளிவட்டம் மாதிரி ஆகியிருந்தது.

“நீ எழுதுகவன்லா. எனக்கு ஒண்ணு சரியா எழுதித் தா. இத எவனோ அறிவில்லாதவன் எழுதியிருக்கான்.”

எவன் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. நான் நோட்டை எடுத்துவந்தேன்.

மாமி ஒவ்வொரு வரியாக அடித்தார். அதிர்ந்து பேசாதவர், அடி. வீட்டில் யாரும் காதுகொடுக்காததால் பேசவில்லை, அதற்குப் பேர் அதிராமல் பேசுவது இல்லை. பாடகர் குழுவில் இனிய குரலால் ஊழியம் செய்தார், அடி. பத்தொன்பது வருடம் வாயை மட்டும் அசைத்தார், பாடவே பிடிக்காது, மாமா பெயர் கொடுத்துவிட்டார். தமக்கென்று எதையும் கேட்டதில்லை என்ற வரியில் கொஞ்ச நேரம் விரல் நின்றது.

“இது உள்ளதுதான்,” என்றார். “அதுதான் அசிங்கமா இருக்கு.”

அடித்ததெல்லாம் போக என்ன எழுத என்று கேட்டேன். மீன்குழம்பில் முருங்கைக்காய் போட்டால் தனக்குப் பிடிக்காது என்று எழுதச் சொன்னார். எழுதினேன். வேறு? யோசித்தார். மகள் அபினாவைப் பெற்றது, அவளை நர்ஸாக அயர்லாந்துக்கு அனுப்பியது. வேறு? மாமி என் நோட்டைப் பார்த்தார். நாலு வரி. கிட்டத்தட்ட முழுப் பக்கமும் வெள்ளையாகக் கிடந்தது.

“கொஞ்சம் பொறு. அக்டோபர் வர டயம் இருக்குல்லா. போட ஏதாவது உண்டாக்கிக்கிட்டு வாறேன்.”

போகும்போது வாலிபால் வரியைத் தொட்டு, இதை மட்டும் எடுக்க வேண்டாம் என்றார். பொய்தானே மாமி என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

“பொய்தான். ஆனா இந்தத் தாள்ல ஒருத்தன் எனக்காக மெனக்கெட்டு யோசிச்சு எழுதினது இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் எல்லாருக்கும் போடுகதுதான?”

அன்று நான் சோறு தின்னவில்லை. அம்மா காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள்.

மாமி உண்டாக்கத் தொடங்கினார். பாடகர் குழுவிலிருந்து விலகினார். மீன்குழம்பை இரண்டு சட்டியில் வைத்தார், முருங்கைக்காய் மாமாவின் சட்டியில் மட்டும். சிதறால் மலைக்குப் போய்ப் பாதிவரை ஏறி, போதும் என்று தோன்றி, பாறையில் படுத்து ஒரு மணி நேரம் தூங்கிவிட்டு இறங்கினார். மேலே கோயில் இருக்கிறதே என்று மாமா சொன்னதற்கு, அது ரொம்ப நாளாக அங்கேதான் இருக்கிறது, தூக்கம்தான் இப்போது வந்தது என்றாராம். ஒவ்வொன்றையும் செய்து முடித்து என்னிடம் வந்து எழுதச் சொன்னார். நான் எழுதினேன். எழுத எழுத என் நோட்டில் உள்ள பெண்பிள்ளையை எனக்குத் தெரிய வந்தது. மூன்றாவது வீட்டில் இருபது வருடமாக இருந்தவரைப் பதினோரு நிமிடத்தில் முடித்திருக்கிறேன்.

செப்டம்பரில் வாலிபால்.

ஆலயத்துக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில் தினமும் சாயங்காலம் பையன்கள் ஆடுவார்கள். மாமி சேலையும் அபினா விட்டுப்போன ஷூவும் போட்டுக்கொண்டு வந்து, சர்வீஸ் மட்டும் போடுவேன், அதற்கு ஓட வேண்டாம்தானே என்றார். டாக்டரிடம் போனில் கேட்டாயிற்று, குதிக்கக்கூடாது என்று மட்டும் சொன்னாராம். வலையைக் கொஞ்சம் இறக்கலாமா என்று பையன்கள் கேட்டதற்கு வேண்டாம் என்றார். பின்னால் டைட்டஸ் மாமா நாற்காலி, குடை, மாத்திரை, பிரஷர் மிஷின் எல்லாம் எடுத்து வந்தார். அவருக்குச் சம்மதமில்லை, ஆனால் வராமல் இருக்கவும் முடியவில்லை. நிற்கிற நேரத்தில் சும்மா நிற்காமல் டேப்பை எடுத்து மைதானத்தை அளந்தார். நீளம் முப்பத்தெட்டு சென்டிமீட்டர் குறைவு என்று அறிவித்தார். அதுவரை வாங்கிய கோப்பைகளை நினைத்துப் பையன்கள் ஒரு நாள் ஆடவில்லை. மறுநாள் மாமாவே சுண்ணாம்பு கொண்டுவந்து கோடு போட்டார்.

எனக்குப் பந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. மாமி இடது கையில் பந்தை வைத்து வலது கையை ஓங்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் புள்ளிக்கோடு கண்ணில் வந்தது. இப்போது விழுந்தால் அந்தக் கோட்டை நிரப்ப வேண்டியவன் நான். இவரை இந்தக் கோட்டில் கொண்டுவந்து நிறுத்தியது என் ஒரு சொல். சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தேன். முதல் நாள் பந்து வலைக்குப் பாதி தூரம்கூடப் போகவில்லை, அப்போது எப்படிச் சொல்வது? பத்தாம் நாள் வலையில் பட்டது, மாமி சிரித்தார், அந்தச் சிரிப்பின் நடுவில் எப்படிச் சொல்வது? இப்படி நல்ல காரணங்களுக்கு எனக்குத் தட்டுப்பாடே வரவில்லை. எதிர்க்கடை டீ நன்றாக இல்லை என்பதையும் அந்த மாதத்தில்தான் கவனித்தேன்.

திருவனந்தபுரம் போவதற்கு முந்தின சாயங்காலம் மாமி ஆறு சர்வீஸ் போட்டார். நாலு வலையில் விழுந்தது. ஐந்தாவது தாண்டியது. சுத்தமாக, ஒரு கை உயரத்தில் தாண்டி அந்தப் பக்கம் மண்ணில் விழுந்தது. எதிரே நின்ற பையன்கள் எடுக்க மறந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆறாவது வலையின் மேல் நாடாவில் பட்டு, ஒரு நொடி யோசித்து, அந்தப் பக்கம் சரிந்தது. மாமி நாற்காலியில் உட்கார்ந்து வாயால் மூச்சு வாங்கினார். மாமா பிரஷர் மிஷினின் பட்டையைத் தலைகீழாகக் கட்டினார். மாமிக்கு மூச்சு சீராகும்வரை நான் எண்ணிக்கொண்டிருந்தேன், எதை எண்ணினேன் என்று தெரியவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் நாலு மணிக்கு, திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரி அறையில், எழுதியதை வாசிக்கச் சொன்னார். மாமா ஆரஞ்சு உரித்து, சுளைகளைச் சம பாதியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் வாசித்தேன். முருங்கைக்காய், வாயசைப்பு, மலைப்பாறை எல்லாம் வந்தது. முருங்கைக்காய் வந்த இடத்தில் மாமாவின் கை நின்றது. பிறகு இது:

‘ஐம்பத்துமூன்றாம் வயதில் வாலிபால் ஆடத் தொடங்கினார். ஆறு சர்வீஸில் ஒன்று வலையைத் தாண்டியது.’

அதற்குக் கீழே, முந்தின நாள் நானாகச் சேர்த்த கடைசி வரி. தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வாசித்தேன்.

‘அன்னாரின் முந்தைய ஜீவிய சரித்திரத்தைத் தன் பெரியப்பாவினுடையதைப் பார்த்து எழுதியவனும், எரிக்கச் சொன்னதை எரிக்காமல் கடையில் கொடுத்தவனும், எரித்ததாகப் பொய் சொன்னவனும் லிஜின். ததேயுஸ் அண்ணன்மேல் ஒரு தப்பும் இல்லை.’

ஆரஞ்சுத் தோல் கீழே விழுந்தது. மாமா என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன்.

“ஏலே, இது எனக்க சரித்திரம்,” என்றார் மாமி. “இதுல உனக்கு என்ன சோலி? அந்த வரிய எடு.”

“மாமி, நான்தான்…”

“தெரியும். யேசுரத்தினம் அண்ணனுக்க அடக்கத்துக்கு நான் வந்திருந்தேன்லா. மூணாவது வரிசையில இருந்து கேட்டேன், வாலிப நாட்களில் வாலிபால்னு. அந்த ரெண்டாவது தாள வாசிச்சு முடிக்கதுக்குள்ள எனக்குத் தெரியும், எவன் எழுதினான்னு.”

அப்படியென்றால் ஜூலையில் வீட்டுக்கு வந்து, தனக்காக ஒருத்தன் மெனக்கெட்டு யோசித்து எழுதியது என்று மாமி சொன்னது? கேட்க வேண்டியிருக்கவில்லை. என் முகத்தில் இருந்ததை மாமி வாசித்தார்.

“நீ எப்போ வாயத் தொறப்பன்னு பாத்தேன். மூணு மாசம் பாத்தேன். எனக்கு உள்ள டயமே அவ்வளவுதான்னு வச்சுக்கோ, அதையும் நீ தின்ன.”

நான் அழுதேன் என்று டைட்டஸ் மாமா பிற்பாடு ஊரில் சொல்லியிருக்கிறார். எழுத்துப் பிழை இல்லாமல்தான் சொல்லியிருப்பார்.

மன்னிப்பு என்ற சொல்லை எடுத்ததுமே மாமி கையைக் காட்டி நிறுத்தினார். அது ஆபரேஷன் முடிந்து வந்த பிறகு யோசிக்க வேண்டிய விஷயம், இப்போது அவருக்கு வேறு வேலை இருக்கிறது. நான் அறையில் நிற்க வேண்டாம், ஊருக்குப் போக வேண்டும். நாளைக் காலையில் அவரை உள்ளே கொண்டுபோகிற நேரத்துக்கு நான் ததேயுஸ் கடையில் நின்று, ஆளுகள் கேட்க வாயால் சொல்ல வேண்டும். எழுதிக் கொடுக்கக்கூடாது.

“பொறவு அந்த சர்வீஸ். ஒண்ணு இல்ல, ரெண்டு.”

“ரெண்டாவது நெட்டுல பட்டுதே மாமி.”

“பட்டாலும் அந்தப் பக்கம் விழுந்தா கணக்குத்தான், பயக்க சொன்னானுவ. ஆடாத ஆட்டத்துக்கே வீராங்கனைன்னு போட்டவன் நீ. ஆடின சர்வீஸுக்குக் கணக்கு பாக்கியா?”

இரண்டு என்று திருத்தினேன்.

மறுநாள் காலை எட்டரைக்கு ததேயுஸ் அண்ணன் கடையில் ஏழு பேர் இருந்தார்கள். வாயைத் திறந்து ஒரு டீ சொன்னேன். குடித்து முடிப்பதற்குள் நாலு பேர் போய்விட்டார்கள், மூன்று பேரிடம் சொல்வது முறையல்ல என்று தோன்றியது. பத்து மணிக்குப் பத்துப் பேர் இருந்தார்கள், அது அதிகம். மத்தியானம் டைட்டஸ் மாமாவிடமிருந்து, ஆபரேஷன் முடிந்தது, இன்னும் முழிக்கவில்லை என்று ஒரு வரி வந்தது. கடை மூடும்வரை இருந்தேன். நான் பையிலிருந்து செய்தித்தாள் கட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன், ததேயுஸ் அண்ணன் ஒவ்வொரு தாளாக இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து வாங்கினார்.

அடுத்த நாளும் போனேன். மூன்றாவது டீயில் போன் அடித்தது. டைட்டஸ் மாமாவின் குரல் தூரத்தில் ஏதோ மிஷின் சத்தத்தோடு வந்தது.

“முழிச்சிட்டா,” என்றார். “தொண்டையில குழாய் வச்சிருந்துச்சுல்லா, சத்தம் வரல்ல. கையாலதான் காட்டுகா. ரெண்டு கையும் வச்சு எதையோ பிரிக்க மாதிரி காட்டுகா. தண்ணியான்னு கேட்டேன், இல்ல. அபினாவான்னு கேட்டேன், இல்ல. பொறவுதான் புரிஞ்சுது. பழம்பொரித் தாளைப் பிரிச்சு வாசிக்க மாதிரி காட்டுகா.”

நான் கடையைப் பார்த்தேன். ஐந்து பேர். அதில் இரண்டு பேர் எங்கள் சபை, எதிர்க்கடையில் சர்க்கரை தீர்ந்ததால் வந்தவர்கள்.

“நீ சொன்னியான்னு கேக்கா.”

“இன்னும் இல்ல மாமா.”

டைட்டஸ் மாமா எதையும் முன்கூட்டியே செய்துவைக்கிற மனிதர்.

“போனை ஸ்பீக்கர்ல போடு,” என்றார். “நீ சொல்லுகத அவளும் கேக்கட்டும்.”

போட்டேன். பழம்பொரிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். ததேயுஸ் அண்ணன் பால் ஆற்றுவதை நிறுத்தினார். நான் எழுந்து நின்றேன்.